தாளப்பெட்டி தடுமாறினால்: ப்யூர் டேட்டாவில் 16 கட்ட சீக்வென்சருக்குப் பழுது பார்க்கும் வழிமுறை

சேலத்தில் ஓசைக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு, ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் முழங்கும் பம்பை, அம்மாப்பேட்டை விசைத்தறி, வீட்டு எவர்சில்வர் தட்டு. இவற்றைப் பதிவு செய்து, 16 கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டித் தாளம் அடிக்கும் டிரம் மெஷினில் (சீக்வென்சரில்) அடுக்க ப்யூர் டேட்டா போதும். மில்லர் பக்கெட் 1990-களில் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பெட்டிகளைக் கம்பியால் இணைத்தால் அதுவே நிரல்; அதற்குப் பேட்ச் என்று பெயர். பெட்டியின் மேல்விளிம்பில் கம்பி நுழையும் வாய் இன்லெட், கீழ்விளிம்பில் கம்பி கிளம்பும் வாய் அவுட்லெட். கட்டுவது ஒரு மணி நேர வேலை. ஏன் அடிக்கவில்லை என்று தேடுவதுதான் ராத்திரி முழுக்க இழுக்கும். அதனால் இங்கே கோளாறின் அறிகுறியிலிருந்தே தொடங்குகிறோம்.

பெட்டிகளின் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. மென்பொருளில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முடிவில் ~ குறி உள்ளவை ஒலியைக் கையாள்பவை, இல்லாதவை எண்களையும் 'பேங்' என்ற தட்டலையும் கையாள்பவை. 'டாக்~' என்பது டி, ஏ, சி என்ற மூன்றெழுத்து. 'வீலைன்~' என்றால் வி எழுத்தும் லைன் என்ற சொல்லும் சேர்ந்தது.

சரியாக ஓடும் பேட்ச் எப்படி இருக்கும்

'டாகிள்' என்ற சொடுக்குப் பெட்டியிலிருந்து, 125 மில்லிவினாடிக்கு ஒருமுறை பேங் தரும் 'மெட்ரோ 125'. அதிலிருந்து 'ஃப்ளோட்'டின் இடது இன்லெட். 'ஃப்ளோட்'டின் அவுட்லெட்டிலிருந்து இரண்டு கம்பிகள்: ஒன்று '+ 1'-க்குப் போய், அங்கிருந்து திரும்பி 'ஃப்ளோட்'டின் வலது இன்லெட்டில் சேரும், மற்றது 'மாட் 16'-க்குப் போகும். 16-ஆல் வகுத்த மீதியைத் தரும் 'மாட் 16'-இலிருந்து 0 முதல் 15 வரை எண்கள் வரும். அவை நான்கு 'டேப்ரீட்' பெட்டிகளுக்குப் போகின்றன. வாத்தியத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 16 புள்ளி கொண்ட ஓர் அரே (எண் பட்டியல்). படித்த மதிப்பு '> 0.5', 'செலெக்ட் 1' வழியாகப் பேங் ஆகி வாத்தியத்தை அடிக்கிறது. நான்கு வாத்தியங்களும் தலைக்கு ஒரு '*~ 0.25' தாண்டி 'டாக்~' சேர்கின்றன. கிக் என்ற கனத்த டிரம் ஒலி மட்டும், அலையை உண்டாக்கும் 'ஆஸ்க்~' கொண்டு பிறப்பித்தது. பம்பை, கொலுசு, தட்டு மூன்றும் 'டேப்ப்ளே~' வாசிக்கும் பதிவுகள்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பேங் வரவில்லையா, பேங் வந்தும் ஒலி வரவில்லையா? வாத்தியத்துக்குச் சற்று முன்னால் ஒரு 'பிரிண்ட்' பெட்டியை இணையுங்கள். பிரதான சாளரத்தில் 'பேங்' என்று வரிசையாக விழுந்தால் மேல்பாதி சுத்தம், கீழே தேடுங்கள். விழாவிட்டால் ஒலிப் பக்கம் போகவே வேண்டாம்.

சொடுக்கினால் டாகிள் அசையவில்லை

எடிட் நிலையில் இருக்கிறீர்கள். கன்ட்ரோலும் இ எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். சுட்டிக் குறி கையிலிருந்து அம்பாக மாறினால் இனி சொடுக்கலாம்.

மெட்ரோ ஓடுகிறது, ஒலியே இல்லை

பிரதான சாளரத்தில், ஒலியை இயக்கும் டிஎஸ்பி கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா? கன்ட்ரோலும் சாய்கோடும் சேர்த்தால் ஒலி இயங்கும், கன்ட்ரோலும் புள்ளியும் சேர்த்தால் நிற்கும். இயங்கியும் மௌனம் என்றால் மீடியா மெனுவில் ஒலிச் சோதனைப் பேட்சைத் திறந்து சோதனை ஒலியைக் கேளுங்கள். அதுவும் கேட்காவிட்டால் பழுது உங்கள் பேட்சில் இல்லை. ஆடியோ அமைப்பில் வேறு வெளியீட்டுச் சாதனம் தேர்வாகியிருக்கும். ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பிரித்து மாட்டினால் இது அடிக்கடி நடக்கும்.

சோதனை ஒலி கேட்டால் கம்பிகளைப் பாருங்கள். ஒலிக் கம்பி தடியாகவும் எண் கம்பி மெல்லியதாகவும் இருக்கும். 'டாக்~'-க்குள் மெல்லிய கம்பி நுழைந்தால் எங்கோ ஒரு ~ விட்டுப்போயிருக்கிறது. '*~' தட்ட வேண்டிய இடத்தில் '*' தட்டியிருப்பீர்கள். ஒரு பெட்டியின் ஓரம் கோடுகோடாக விட்டுவிட்டு இருந்தால் அந்தப் பெட்டி உருவாகவே இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது வேறொருவர் பேட்சிலிருந்து எடுத்த, உங்களிடம் நிறுவப்படாத கூடுதல் பெட்டியாக இருக்கும்.

சிவப்பில் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ'

'+ 1'-லிருந்து திரும்பும் கம்பி 'ஃப்ளோட்'டின் இடது இன்லெட்டில் மாட்டியிருக்கிறது. இடது இன்லெட்டில் எது வந்தாலும் பெட்டி உடனே பதில் சொல்லும். வலது இன்லெட்டில் வந்தால் நினைவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். இடதில் மாட்டியதால் கூட்டல் ஃப்ளோட்டைத் தட்ட, ஃப்ளோட் கூட்டலைத் தட்ட, காலமே நகராமல் செக்குமாடாகச் சுற்றி ப்யூர் டேட்டா அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கம்பியைப் பிடுங்கி வலது இன்லெட்டில் மாட்டினால் தீர்ந்தது. தொடக்கக்காரர் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள்.

முதல் அடி காணோம், அல்லது சுற்று ஒரு கட்டம் நீள்கிறது

முதல் சுற்றில் மட்டும் முதல் கட்டம் விட்டுப்போய், எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கினால், 'மாட் 16'-க்குப் போகும் கம்பியை '+ 1'-லிருந்து எடுத்திருக்கிறீர்கள். அதை 'ஃப்ளோட்'டிலிருந்து எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றும் ஒரு கட்டம் கூடி 17 ஆகிறதா? 'மாட்' போடாமல் 'செலெக்ட் 16' வைத்து எண்ணியைப் பூஜ்ஜியமாக்கும் பேட்ச்களில் இது வரும். 16 என்ற எண் வெளியே வந்த பிறகுதான் பூஜ்ஜியமாக்கச் சொல்கிறது. அதற்குள் பதினேழாவது கட்டம் ஓடிவிடுகிறது. மாட்டுக்கே மாறிவிடுங்கள். மாட் சுற்றுக்கு வெளியே இருந்தால் ஃப்ளோட்டின் எண் ஏறிக்கொண்டே போகுமே என்று கவலைப்படுவோர் உண்டு. 1,67,77,216 வரை ஒன்று ஒன்றாக எண்ணுவதில் பிசகு வராது. 125 மில்லிவினாடிக் கட்டத்தில் அந்த எண்ணைத் தொட 24 நாள் இடைவிடாமல் ஓட வேண்டும்.

நிறுத்தி மறுபடி தொடங்கினால் பாதியிலிருந்து கிளம்புகிறதா? '0' என்ற மெசேஜ் பெட்டியை ஃப்ளோட்டின் வலது இன்லெட்டில் இணைத்து, தொடங்கும் முன் அதைத் தட்டுங்கள். இடதில் இணைத்தால் தட்டிய கணமே ஓர் அடி விழுந்துவிடும்.

கட்டங்கள் ஓடுகின்றன, ஒரு வாத்தியம் மட்டும் ஊமை

பிரிண்ட் வைத்து அந்த 'டேப்ரீட்' என்ன தருகிறது என்று பாருங்கள். 0.87, 0.93 என்று வந்தால், அரேயில் சுட்டியால் வரைந்த மதிப்பு அது. கையால் வரைந்தால் சரியாக 1 விழாது. 'செலெக்ட் 1' துல்லியமாக 1 வந்தால் மட்டுமே திறக்கும். நடுவே '> 0.5' வைப்பது இதற்காகத்தான்.

எல்லாமே 0 என்றாலோ, எதுவுமே வராவிட்டாலோ பெயரைச் சோதியுங்கள். 'நோ சச் அரே' என்று பிழை விழுந்தால் அரேயின் பெயரும் டேப்ரீட்டில் எழுதிய பெயரும் பொருந்தவில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இதில் சேரும். பிழை இல்லாமல் அடி மட்டும் விழாவிட்டால் அரேயின் அளவைப் பாருங்கள். புதிதாக வைக்கும் அரே 100 புள்ளியோடு வரும். நீங்கள் திரையில் நடுவில் வரைந்தது ஐம்பதாவது புள்ளி. எண்ணி 15-ஐத் தாண்டுவதே இல்லை. பண்புகளில் அளவை 16 ஆக்குங்கள்.

அழுத்தம் ஒரு கட்டம் தள்ளி விழுகிறது

இதில்தான் பலரும் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் தனி வலிமை வேண்டும் என்று இன்னோர் அரே வைத்து, அதன் மதிப்பை ஒரு '*' பெட்டியின் வலது இன்லெட்டுக்கு அனுப்புகிறீர்கள். முதல் கட்டத்துக்கு வைத்த அழுத்தம் இரண்டாவது அடியில் கேட்கிறது. நேற்று சரியாக இருந்தது. ஒரு கம்பியைப் பிடுங்கி மாட்டியதும் கெட்டது.

ஓர் அவுட்லெட்டிலிருந்து இரண்டு கம்பி புறப்பட்டால் எது முதலில் பேசும் என்பது அவற்றை மாட்டிய வரிசையைப் பொறுத்தது. திரையில் இடமா வலமா, மேலா கீழா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பேட்ச்கள் வேறு வேறாக நடந்துகொள்வது இதனால்தான். உங்கள் பேட்சில் அடிக்கும் பேங் முதலில் இடது இன்லெட்டுக்குப் போய்விடுகிறது. பெட்டி தன்னிடம் உள்ள பழைய வலிமையால் பெருக்கி அனுப்பிவிட்டது. புதிய வலிமை அதன் பிறகே வந்து சேர்ந்து, அடுத்த அடிக்காகக் காத்திருக்கிறது.

மருந்து 'ட்ரிக்கர்' பெட்டி. மாட்டுக்குக் கீழே 'ட்ரிக்கர் ஃப்ளோட் ஃப்ளோட்' வையுங்கள். இது எப்போதும் வலது அவுட்லெட்டை முதலில், இடதைப் பிறகு என்ற வரிசையில் அனுப்பும். வலிமை அரேக்கு வலது, அடி அரேக்கு இடது. கம்பிகளை எத்தனை முறை மாற்றி மாட்டினாலும் வரிசை மாறாது. ஓர் அவுட்லெட்டிலிருந்து இரண்டு கம்பி கிளம்பி, இரண்டும் கடைசியில் ஒரே பெட்டியில் சேர்கின்றன என்றால், யோசிக்காமல் ட்ரிக்கர் வைத்துவிடுவதே நல்லது.

கிக்கும் கொலுசும் தனித்தனியே நிற்கும்போது வரிசை பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பேங் கிளப்பிய செய்திகள் எல்லாம் ப்யூர் டேட்டாவின் கணக்கில் ஒரே கணத்தில் நடந்தவை. எது முன்னே போனாலும் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்.

வேகம் ஒத்துவரவில்லை

'மெட்ரோ'வுக்குத் தேவை மில்லிவினாடி. நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணைக் கொடுத்தால் அதையும் மில்லிவினாடியாகவே எடுத்துக்கொள்ளும். ஓர் அடியை நான்கு கட்டமாகப் பிரித்தால் கட்டத்தின் நீளம் 15000 ÷ வேகம். 80-க்கு 187.5, 100-க்கு 150, 120-க்கு 125, 140-க்கு 107.14.

இதை '/ 15000' என்று பெட்டியில் எழுதினால் தலைகீழ்: 120-ஐ 15000-ஆல் வகுத்து 0.008 வரும், மெட்ரோ வெறிபிடித்தாற்போல் தட்டி, கணினி திணறும். 'எக்ஸ்பர் 15000 / $எஃப்1' என்று எழுதி, கீழே 'க்ளிப் 20 2000' என்று ஒரு காவலையும் வைத்து, மெட்ரோவின் வலது இன்லெட்டில் கொடுங்கள். டாலருக்குப் பின் எஃப் எழுத்துக்குப் பதில் ஐ எழுத்தைப் போட்டால் முழு எண் வகுத்தலாகிவிடும். 140-க்கு 107 மட்டும் வரும். கேட்க வித்தியாசம் தெரியாது. ஆனால் வேறொரு பதிவோடு சேர்த்து ஓட்டினால் 4 நிமிடத்தில், அதாவது 2240 கட்டத்தில், 320 மில்லிவினாடி முந்திவிடும். 'ஆரம்பத்தில் சேர்ந்திருந்தது, போகப்போகப் பிரிந்தது' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மும்மை நடைக்கு மாற்றியதும் கெட்டது

'மாட் 12' வைத்ததும் தாளம் அவசரப்படுவதுபோல் கேட்டால், கட்ட நீளத்தை மாற்ற மறந்துவிட்டீர்கள். திஸ்ரத்தில் அடிக்கு மூன்று கட்டம். 15000 இருந்த இடத்தில் 20000 வர வேண்டும். 120-க்கு 166.67. மாறாக, அரேயை 12 ஆக்கிவிட்டு மாட்டை 16-இலேயே விட்டால், கடைசிக் கட்டத்தில் அடி இருக்கும் பட்சத்தில் அதுவே கூடுதலாக நான்கு முறை விழும். டேப்ரீட் எல்லை தாண்டிய எண்ணைக் கேட்டால் கடைசிப் புள்ளியையே திரும்பத் திரும்பத் தரும், பிழை சொல்லாது.

கிக்குக்கு 16, கொலுசுக்கு 7 என்று தனித்தனி மாட் வைத்து மிஸ்ரத்தை மேலே ஓட்டுவது நன்றாக இருக்கும். இரண்டும் மறுபடி சேர 112 கட்டம், 125-இல் 14 வினாடி. இதற்கு எண்ணி சுற்றாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். மாட்டை '+ 1' சுற்றுக்குள் போட்டவர்களுக்குக் கொலுசு 16-க்கு ஒருமுறை துண்டிக்கப்பட்டுக் கேட்கும்.

பதிவு ஏறவில்லை, அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்கிறது

'சவுண்ட்ஃபைலர்' பெட்டிக்கு 'ரீட் -ரீசைஸ் கொலுசு.வேவ் கொலுசு' என்று மெசேஜ் கொடுங்கள். நடுவில் உள்ள ரீசைஸ் விட்டுப்போனால் அரேயின் பழைய அளவான 100 புள்ளிக்குள் அடங்குவது மட்டும் ஏறும்; வினாடிக்கு 44100 மாதிரி என்ற வீதத்தில் அது வெறும் 2 மில்லிவினாடி. கேட்கும் 'டிக்' அதுதான்.

கோப்பே கிடைக்கவில்லை என்றால், பேட்சை முதலில் சேமித்தீர்களா? சேமிக்காத பேட்சுக்குத் தான் எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் மெசேஜ் அதை இரண்டு சொல்லாகப் பிரித்துவிடும். கைப்பேசி பதிவுச் செயலிகள் பெரும்பாலும் எம்4ஏ கோப்பாகத் தருகின்றன; பெயரின் வாலை வேவ் என்று திருத்தினால் உள்ளிருப்பது மாறாது. ஆடாசிட்டியில் திறந்து 16 பிட் வேவாக ஏற்றுமதி செய்யுங்கள்.

பம்பை கனத்து, சோம்பலாகக் கேட்டால் பதிவு 48000-இல் இருக்கிறது, ப்யூர் டேட்டா 44100-இல் ஓடுகிறது. 'டேப்ப்ளே~' மாதிரிகளை எண்ணி வாசிக்குமே தவிர, அவை எந்த வீதத்தில் எடுக்கப்பட்டவை என்று பார்க்காது. 8 சதவீதம் மெதுவாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். கனத்த பம்பைதான் பிடித்திருக்கிறது என்றால் அப்படியே விடலாம், தப்பில்லை. வேண்டாம் என்றால் ஆடியோ அமைப்பில் வீதத்தை 48000 ஆக்குங்கள். ஆனால் எல்லாப் பதிவும் ஒரே வீதத்தில் இருக்க வேண்டும்.

பதிவில் இரைச்சல்

சார்ஜர் மாட்டிய மடிக்கணினியில் பதிவு செய்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஏறலாம். சார்ஜரைக் கழற்றிப் பதிவு செய்வதே முதல் வைத்தியம். கொலுசுக்கு, 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைக்கும் 'ஹிப்~ 2000' இரண்டை அடுத்தடுத்து வைத்தால் முனகலும் தூரத்துத் தறிச் சத்தத்தின் அடிப்பகுதியும் போய்விடும். கொலுசின் சலங்கை ஒலி அதற்கு மேலேதான் இருக்கிறது. பம்பைக்கு இந்த வித்தை செல்லாது, வடிகட்டினால் பம்பையும் சேர்ந்து போகும். அமைதி வேண்டும் என்று 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கே போனாலும் பகலில் பதிவு செய்யுங்கள். இரவில் சில்வண்டு கொலுசின் இடத்திலேயே உட்கார்ந்து ரீங்கரிக்கும். எந்த ஹிப்பும் அதைப் பிரிக்காது.

ஒவ்வோர் அடியிலும் 'டப்' என்று ஒரு சொடுக்கு

கிக்கில் வந்தால் ஒலியின் அளவு பூஜ்ஜியத்திலிருந்து ஒரே தாவலாக 1-க்குப் போகிறது. அளவைச் சீராக ஏற்றி இறக்கும் 'வீலைன்~'-க்கு '1, 0 180' என்று கொடுத்திருந்தால் '1 1, 0 180 1' என்று மாற்றுங்கள்: 1 மில்லிவினாடியில் ஏறு, அது முடிந்ததும் 180-இல் இறங்கு. சுருதிக்கு இன்னொரு வீலைனில் '200, 50 60'. சுருதி தாவலாம், அதில் சொடுக்கு வராது.

கிக் அடிக்கு அடி வேறு மாதிரிக் கேட்பதும் இதன் உறவுதான். 'ஆஸ்க்~' எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேங் வரும்போது அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்து கேட்கிறது. ஒவ்வொரு பேங்கிலும் அதன் வலது இன்லெட்டுக்கு 0.75 அனுப்புங்கள். பலரும் 0 அனுப்புவார்கள்; இந்தப் பெட்டி தருவது கொசைன் என்பதால் 0 என்றால் அலையின் உச்சி. 0.75-இல்தான் அலை பூஜ்ஜியத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கும். இதன் பிறகும் மிகச் சிறிய வேறுபாடு மிஞ்சும்: ஒலி 64 மாதிரிகள் கொண்ட தொகுப்பாகக் கணக்கிடப்படுகிறது, 44100-இல் அது 1.45 மில்லிவினாடி, இந்த 0.75 தொகுப்பின் எல்லையில்தான் செயல்படும்.

பம்பையில் சொடுக்கு வந்தால், முந்தைய அடி அடங்கும் முன் அடுத்த அடி வந்து அதைப் பாதியில் வெட்டுகிறது. 'டேப்ப்ளே~'-க்குப் பின் ஒரு '*~' வைத்து, அதை '0 3, 1 1 4' என்ற மெசேஜ் பெறும் வீலைனால் இயக்குங்கள். பேங்கை 'டிலே 4' வழியாக டேப்ப்ளேக்கு அனுப்புங்கள். பழைய அடி 3 மில்லிவினாடியில் மங்கி, நான்காவதில் புதியது தொடங்கும். அதே 4 மில்லிவினாடித் தாமதத்தை மற்ற மூன்று வாத்தியத்துக்கும் கொடுக்க மறந்தால் பம்பை மட்டும் பிந்தும்.

ஒலி கிழிகிறது

இரண்டு காரணம், ஒரே மாதிரிக் கேட்கும். மொத்த ஒலியை '*~ 0.1' வழியாக விட்டுப் பாருங்கள். கிழிசல் மறைந்தால் வாத்தியங்களின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டி 'டாக்~'-இல் வெட்டுப்பட்டிருக்கிறது, தலைக்கு 0.25 என்ற கணக்குக்குத் திரும்புங்கள். ஒலி சிறுத்தும் கிழிசல் அப்படியே இருந்தால் கணினி நேரத்துக்கு ஒலி தரவில்லை. ஆடியோ அமைப்பில் டிலேயை 50, போதாவிட்டால் 100 மில்லிவினாடியாக உயர்த்துங்கள். சீக்வென்சர் தானே ஓடுவதால் தாளத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. விரலால் தட்டி வாசிப்பவருக்குத்தான் தாமதம் உறுத்தும். பெரிய பதிவு அரேக்களைத் திரையில் வரைந்து காட்டுவதும் சுமைதான், அவற்றை ஒரு சப்பேட்சுக்குள் போட்டு மூடி வையுங்கள்.

வாத்தியத்தை நகலெடுத்தேன், இரண்டும் ஒரே ஒலி

ஒரே பெயரில் இரண்டு அரே. பேட்சைத் தனிக் கோப்பாக்கி நான்கு முறை அழைக்கும்போது அரேயின் பெயரை '$0-கொலுசு' என்று வைத்தால் ஒவ்வோர் அழைப்புக்கும் $0 தனி எண்ணாகும். ஆனால் மெசேஜ் பெட்டிக்குள் $0 வேலை செய்யாது, வெறும் 0 ஆகிவிடும். பேட்ச் திறந்ததும் தானே பேங் தரும் 'லோட்பேங்'கிலிருந்து 'சிம்பல் $0-கொலுசு' பெட்டியைத் தட்டி, அதை 'ரீட் -ரீசைஸ் கொலுசு.வேவ் $1' என்ற மெசேஜுக்குக் கொடுங்கள்.

மூடித் திறந்ததும் போட்ட தாளம் காணோம்

அரேயின் பண்புகளில் உள்ளடக்கத்தைச் சேமிக்கும் தேர்வு விடுபட்டிருக்கிறது. டாகிள்களால் கட்டியிருந்தால் ஒவ்வொன்றின் பண்புகளிலும் தொடக்க மதிப்பைக் காக்கும் 'இனிட்' தேர்வு வேண்டும். பதிவுகளை ஏற்றிய அரேக்களுக்கு மட்டும் சேமிப்பை வைக்காதீர்கள். லட்சக்கணக்கான எண்கள் பேட்ச் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டு, திறக்கவே நேரமெடுக்கும். அவற்றை லோட்பேங் ஒவ்வொரு முறையும் வேவ் கோப்பிலிருந்து ஏற்றிக்கொள்ளட்டும்.